எம்.பி.பி.எஸ். வரவில்லை, பி.டி.எஸ். கிடைக்கிறது... சேரலாமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல வருடங்களாக கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்.

கேள்வி: டாக்டர் அம்மா, எங்கள் ஊர் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். அப்பா முந்திரி வியாபாரம் செய்கிறார். நீட் இரண்டு முறை எழுதிவிட்டேன். இந்த மதிப்பெண்ணுக்கு அரசு எம்.பி.பி.எஸ். வராது, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். கிடைக்கும் என்கிறார்கள். "இன்னொரு வருஷம் படி, எம்.பி.பி.எஸ்.தான் டாக்டர்" என்கிறார் அப்பா. "பல் டாக்டர்னா ராத்திரி வீட்டில் இருக்கலாம், பொண்ணுக்கு அதுதான் தோது" என்கிறார் அம்மா. "பல்லு பிடுங்கறதுக்கு அஞ்சு வருஷமா?" என்று கேட்டு அத்தை என்னை அழவைத்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே ஆபரேஷன் செய்கிற டாக்டராக வேண்டும் என்பது என் ஆசை. நன்றாகப் படம் வரைவேன், ஜாக்கெட் தைப்பேன். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், பண்ருட்டி)

பதில்: சேர்ந்துவிடு மகளே என்றுதான் சொல்வேன். ஆனால் அத்தை கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு சேர். இல்லாவிட்டால் ஐந்து வருஷமும் அந்த வார்த்தை உன் காதிலேயே நிற்கும்.

நான்கு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர் பணி. முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் படிக்கிற அதே பாடங்கள்தான். மற்ற உறுப்புகள் நமக்குச் சுருக்கமாக வரும், தலையும் கழுத்தும் விரிவாக வரும். அடுத்து நோய்க்கூறியல், நுண்ணுயிரியல், மருந்தியல். மூன்றாம் வருஷம் பொது மருத்துவமும் பொது அறுவையும் உண்டு. வார்டுக்குப் போய் நோயாளியிடம் கேட்டு, தொட்டுப் பார்த்து, கேஸ் எழுத வேண்டும்.

இதற்கு நடுவேதான் கைவேலை. முதல் வருஷத்திலேயே ஒரு மெழுகுக் கட்டியையும் கத்தியையும் கொடுத்து, ஒரு முன்பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். உயரம், அகலம், கழுத்தின் வளைவு எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் வர வேண்டும். சித்திரை வைகாசியில் நம் ஊர் சூட்டுக்கு மெழுகு விரல் பட்ட இடத்தில் இளகிவிடும். கடைவாய்ப் பல்லின் மேடுகளை முடித்துக்கொண்டு வரும்போது கத்தி ஒரு இழை அழுந்தினால் போச்சு, மேடு பெயர்ந்து வரும், புதுக் கட்டி எடுக்க வேண்டும். அப்புறம் பொம்மைத் தலை. அதன் வாயில் பல்லைப் பொருத்தி, சின்னக் கண்ணாடியில் பார்த்தபடியே மேல்தாடைப் பல்லைக் குடைய வேண்டும். கண்ணாடியில் முன்பக்கம் பின்பக்கமாகத் தெரியும், கைக்கு அது பழகவே மாதக்கணக்கில் ஆகும். குடைகிற ஏரோட்டர் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பக்கத்திலேயே நாக்கு, கன்னம். ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக் கழுத்துத் திருப்புகிற பெண் நீ. இந்த வேலை உனக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பிடுங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். பல் வலி என்று வருகிறவர் சர்க்கரை நோயாளியாக இருப்பார். இதய வால்வு மாற்றியவராக இருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். மரத்துப்போகப் போடுகிற லிக்னோகெய்ன் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அதை யாருக்கு எவ்வளவு போடலாம் என்று தெரிய வேண்டும். வால்வு மாற்றியவருக்குப் பல் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, இரண்டு பக்கமும் வீங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சையே அடைக்கும். கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எச்சில் விழுங்க முடியாமல் வந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி ஜிப்மருக்கு அனுப்பியிருக்கிறேன். சொத்தைப் பல்தானே என்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதை உன் அத்தைக்குச் சொல்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் மறக்கவே மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் படகுக்குப் போகிற ஒருவர் பல் கூச்சம் என்று வந்தார். வாயைத் திறங்கள் என்றால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடவினால் கயிறு கயிறாக நெருடியது. பல வருஷமாகப் பாக்கும் புகையிலையும் அடக்கிய வாய். பாக்கு கன்னத்தின் உள்சதையை இறுக்கும், அந்த இடம் புற்றுநோயாகவும் மாறக்கூடும். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், கண்ணாடியை வைத்துச் சாய்த்தால்தான் தெரிகிற இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டும் சின்னப் புண்ணும் இருந்தது. அவருக்கு அதில் வலியே இல்லை. சதையெடுத்துப் பரிசோதிக்க அனுப்பினோம், ஆரம்ப நிலையில் பிடிபட்டது. ஆபரேஷன் செய்தது வேறு டாக்டர்கள்தான். ஆனால் வலியில்லாத புண்ணைக் காட்ட யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பல்லுக்காக வாயைத் திறக்கிற இடத்தில்தான் அது கண்ணில் படுகிறது. நம் மாவட்டத்தில் பாக்கும் புகையிலையும் அடக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

ஆபரேஷன் ஆசைக்கு வருவோம். பி.டி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி.எஸ். என்கிற முதுநிலைப் படிப்பு மூன்று வருஷம். அதில் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை என்று தனிப் பிரிவு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் விழுந்து தாடை உடைந்து வருகிறவர்களுக்கு உடைந்த எலும்பைச் சேர்த்து, தகடு வைத்து, திருகாணி போடுவது அவர்கள்தான். எலும்பு சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க அவர்களுக்கு முதல் அளவுகோலே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலக் கடித்து உட்காருகிறதா என்பதுதான். ஆகவே உன் ஆசைக்கு இந்தப் பக்கத்திலும் வழி உண்டு. ஆனால் வயிறு, இதயம், மூளை இவற்றில் கத்தி வைக்க வேண்டும் என்பது உன் கனவு என்றால் அதற்கு எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் வழி. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அம்மா சொல்வது பாதி உண்மை. என் வீட்டுக்காரர் பொது மருத்துவர், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடந்ததால் இதை அருகிலிருந்து பார்த்தவள் நான். டெங்கு காலத்தில் அவர் போன் இரவெல்லாம் அடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். எனக்கோ வேலையே ஓடவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் குடைகிற கருவிக்குக் காற்றுத் தருகிற கம்ப்ரெசர் ஓடாது, நாற்காலி அசையாது, கருவிகளைக் கிருமி நீக்கவும் முடியாது. வலி தாங்காமல் வந்தவர்களுக்கு மட்டும் குக்கரில் கருவியை வேகவைத்து, டார்ச் வெளிச்சத்தில் பல் எடுத்தேன். நள்ளிரவில் கூப்பிடுகிற அவசரம் நமக்குக் குறைவு என்பது வாஸ்தவம். ஆனால் கிளினிக்குக்கு ஜனம் வருவது வேலை முடிந்து சாயங்காலம்தான். ஐந்து மணிக்குத் திறந்தால் ஒன்பதரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையும் திறக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற நேரத்தில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவேன். குனிந்தே வேலை செய்வதால் கழுத்தும் இடுப்பும் நாற்பது வயதுக்குள் பேச ஆரம்பிக்கும். பொண்ணுக்குத் தோது என்கிற காரணத்துக்காக மட்டும் யாரும் இந்தப் படிப்பில் சேரக் கூடாது. அறுவை சிகிச்சையில் எத்தனையோ பெண்கள் இரவுப் பணி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்பாவின் கவலை பணத்தையும் மதிப்பையும் பற்றியது. அதிலும் நியாயம் இருக்கிறது. பல் மருத்துவருக்கு அரசு வேலை இடங்கள் மிகவும் குறைவு. பி.டி.எஸ். முடித்ததும் இன்னொருவர் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தால் கையில் வருகிற சம்பளம் மனதைக் கஷ்டப்படுத்தும். சொந்தமாக வைக்கலாம் என்றால் நாற்காலி, கம்ப்ரெசர், கருவிகளைக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, முன்பணம் என்று லட்சங்கள் போகும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒருமுறை நடந்து பார், பல் மருத்துவமனைப் போர்டுகளை எண்ணிக்கொண்டே போகலாம். ஆனால் குறிஞ்சிப்பாடி பக்கமோ உங்கள் பண்ருட்டிக் கிராமங்கள் பக்கமோ போனால் அந்தப் போர்டு அரிதாகத்தான் கண்ணில் படும். அங்கேதான் தேவை இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பக்கமும் ஒன்றும் எளிதில்லை. ஐந்தரை வருஷம் முடித்து வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்கப் பலரும் விரும்புவதில்லை. முதுநிலைக்கு மறுபடி நுழைவுத் தேர்வு, மூன்று வருஷம், அதற்கு மேல் உயர் சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் ஒரு மூன்று வருஷம். முப்பது வயது வரைக்கும் மாணவிதான். நம் படிப்பில் இருபத்து மூன்று வயதில் சொந்தக் கையால் சம்பாதிக்க ஆரம்பிக்கலாம்.

இன்னொரு முறை எழுதலாமா என்றால், மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதே, தரவரிசையைப் பார். 2024இல் 720க்கு 720 வாங்கியவர்கள் பலர். 2025இல் இந்தியாவிலேயே முதலிடம் 686தான். வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும் இறங்கும். முதல் முறையிலிருந்து இரண்டாம் முறைக்கு உன் தரவரிசை எவ்வளவு முன்னேறியது? உன் பிரிவில் கடைசியாக எம்.பி.பி.எஸ். கிடைத்தவருக்கும் உனக்கும் இடையில் எவ்வளவு? ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண், தப்பானால் ஒன்று போகும். மூன்று நான்கு கேள்வி இடைவெளி என்றால் அப்பா சொல்வதை யோசிக்கலாம். இருபது இருபத்தைந்து கேள்வி என்றால், மூன்றாம் வருஷமும் அதே அறையில் அதே புத்தகத்தோடு உட்கார்ந்து அது மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, எத்தனை முறையும் எழுதலாம். அதனாலேயே எங்கே நிறுத்துவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு வேலை செய். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவும் இருக்கிறது, அவசரப் பிரிவும் இருக்கிறது. தெரிந்தவர் மூலமாக அனுமதி கேட்டு இரண்டு இடத்திலும் ஒரு ஓரமாக நின்று பார். ரத்தமும் சீழும் எச்சிலும் வாடையும் உன்னைத் துரத்துகிறதா, இல்லை எட்டிப் பார்க்க வைக்கிறதா என்று கவனி. என் கிளினிக்குக்கும் வரலாம், பத்திரிகை அலுவலகத்தில் விலாசம் கேட்டுக்கொள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

சேர்ந்த பிறகு ரகசியமாக நீட் புத்தகத்தைத் திறக்காதே. இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓட முடியாது. முதல் வருஷத்தில் தவறிய பிள்ளைகளில் பலர் இப்படித் தவறியவர்கள்தான். இடையில் நின்றால் என்ன கட்ட வேண்டும், என்னென்ன கட்டுப்பாடு என்பதெல்லாம் கலந்தாய்வு விளக்கக் கையேட்டிலேயே இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பாவும் நீயும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு அரசுக் கல்லூரியில் எந்த இடமும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். சேர்க்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பாகூரில் இருக்கும் நிலத்தை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும் அல்லவா?
(ஒரு தந்தை, பாகூர்)

பதில்: ஐயா, நிலத்தை வைக்காதீர்கள். பல் மருத்துவத்தை நேசிக்கிறவள் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். ஐந்து வருஷக் கட்டணம், விடுதி, கருவிச் செலவு எல்லாம் சேர்த்துக் கடனாக நின்றால், ஆரம்பச் சம்பளத்தில் வட்டிகூட அடையாது. அப்புறம் கிளினிக் வைக்க இன்னொரு கடன். அந்த நெருக்கடியில் உட்கார்ந்திருக்கிற இளம் டாக்டர், அடைத்தால் போதுகிற பல்லுக்கு ரூட் கெனால் சொல்லவும் கேப் சொல்லவும் ஆசைப்படுவார். நோயாளிக்கும் கெடுதல், பிள்ளைக்கும் மனசாட்சி உறுத்தும்.

உங்கள் கடிதத்தில் மகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லையே. முதலில் அவனிடம் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குச் சேர்க்கை நடத்துவது சென்டாக் என்கிற அரசுச் சேர்க்கைக் குழு. கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி அரசுக் கல்லூரி. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால் அவர்களுக்குப் பத்து சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. கடைசிச் சுற்று முடிகிற வரைக்கும் பொறுத்திருங்கள். ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எதுவுமே வரவில்லை என்றால் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே கௌரவமான படிப்புகள் இருக்கின்றன.

கேள்வி: பி.டி.எஸ். முடித்துவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் கூடுதலாகப் படித்து எம்.பி.பி.எஸ். ஆக முடியுமாமே?
(நெய்வேலி வாசகி)

பதில்: முடியாது. அப்படி ஒரு இணைப்புப் படிப்பு இந்தியாவில் இல்லை. எம்.பி.பி.எஸ். வேண்டும் என்றால் மறுபடி நீட் எழுதி முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முடியும் என்று சொல்லி யாராவது சீட்டு விற்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: என் மகள் இடது கைக்காரி. பி.டி.எஸ். கிடைத்திருக்கிறது. "இடது கையால் பல் வைத்தியம் பார்க்க முடியாது, நோயாளிகளும் முகம் சுளிப்பார்கள்" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இல்லை அம்மா, தாராளமாகச் சேர்க்கலாம். சிரமம் இருக்கிறது, ஆனால் அது நாற்காலியில்தான். சாதாரணமாகப் பல் நாற்காலியில் கருவி மாட்டுகிற தட்டு, எச்சில் உறிஞ்சுகிற குழாய், துப்புகிற கிண்ணம் எல்லாம் வலது கைக்காரர் நோயாளியின் வலப்பக்கம் உட்காருவார் என்று வைத்துப் பொருத்தியிருப்பார்கள். இடது கைக்காரர் நோயாளியின் இடப்பக்கம் உட்கார வேண்டும். கல்லூரியில் நாற்காலிகள் வரிசையாக இருப்பதால் ட்யூபைக் குறுக்கே இழுத்துக்கொண்டு உடம்பைத் திருகி வேலை செய்யும்படி ஆகும். முதல் வாரத்திலேயே துறைத் தலைவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். வரிசையின் ஓரத்து நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் திருப்பி வைக்கிற நாற்காலிகளும் கடையில் கிடைக்கின்றன, சொந்தமாக கிளினிக் வைக்கும்போது அதை வாங்கினால் போதும்.

கை பழக்கத்தை வலுக்கட்டாயமாக மாற்ற மட்டும் முயலாதீர்கள். ஊசி போடுவதும் குடைவதும் அவளுக்கு எந்தக் கை சொன்னபடி கேட்கிறதோ அந்தக் கையால்தான் நடக்க வேண்டும். கண்ணாடியைப் பிடிக்க வலது கை தானாகப் பழகிவிடும். பல் எடுக்கிற இடுக்கிகள் பல்லுக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை, எந்தக் கையிலும் பிடிக்கலாம். சில செதுக்கு கருவிகளில்தான் இடம் வலம் பார்க்க வேண்டியிருக்கும், அவை ஜோடியாகவே வரும். நோயாளிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊசி வலிக்காமல் போட்டால் எந்தக் கை என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.